இடது முட்டியும் ஒரு சோப்புக் கம்பெனியும்

பதினோரு வருடங்கள் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு 'பங்கு என்றால் என்ன?' என்று பாடம் நடத்தியிருக்கிறேன். அந்தப் பதினோரு வருடங்களில் ஒரே ஒரு பங்குகூட வாங்கியதில்லை. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றுதான் நினைத்திருந்தேன். எங்கள் பள்ளி வரலாற்று ஆசிரியர் பானிபட்டில் சண்டை போட்டுவிட்டா வந்து பாடம் நடத்துகிறார்?

அதோடு இருந்திருக்கலாம். இருந்திருந்தால், என்னைப் பார்க்கும்போதெல்லாம் என் மாமியார் சேலைக்கு மேலாக முட்டியைத் தடவிக்கொள்ளும் நிலை வந்திருக்காது.

மாமனாருக்கு ஊர் சாணார்பட்டி பக்கம். கொஞ்சம் கத்தரி, கொஞ்சம் மல்லிகை, மீதி இடத்தில் மழை வந்தால் சோளம். சாலையை அகலப்படுத்துகிறோம் என்று அவருடைய நிலத்தின் ஓரமாக ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, ஒரு தொகையைக் கொடுத்திருந்தார்கள். சரியாக அதே சமயம் மாமியாரின் இரண்டு முட்டிகளும் தேய்ந்துபோய், உட்கார்ந்தால் எழ முடியாமல், எழுந்தால் உட்கார முடியாமல் இருந்தார். இரண்டு முட்டியையும் மாற்றவேண்டும், ஆனால் ஒரு வருடம் மாத்திரை, பயிற்சி என்று ஓட்டி, எடையைக் குறைத்துக்கொண்டு வாருங்கள் என்று திண்டுக்கல் டாக்டர் சொல்லிவிட்டார்.

பொங்கலுக்கு மறுநாள் குடும்பம் மொத்தமும் சாணார்பட்டியில் கூடியிருந்தது. கறிச்சோறு முடிந்து எல்லோரும் கண் சொருகிக் கிடந்த நேரத்தில் மாமா தொண்டையைச் செருமினார்.

"மாப்ளே, ஒரு விசயம். ரோட்டுக் காசு வந்துருச்சு. ஒரு வருசம் பேங்குல சும்மா கெடந்தா எங்க பங்காளிக மோப்பம் புடிச்சுருவாங்ய. அவனுக்கு மகள் கல்யாணம், இவனுக்குப் போர் போடணும்னு வந்து நிப்பாங்ய. எனக்கு இல்லைன்னு சொல்லத் தெரியாது. அதனால ரெண்டு மாப்ளையும் ஆளுக்குப் பாதி வாங்கிட்டுப் போயி, அதை எதுலயாச்சும் போட்டு வளத்துக் குடுங்க."

இன்னொரு மாப்பிள்ளை என் சகலை சுப்பிரமணி. என் மனைவி கலைச்செல்வியின் தங்கை மலரின் கணவர். ஒட்டன்சத்திரத்தில் காய்கறிக் கமிஷன் மண்டி வைத்திருக்கிறார். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். நானோ எம்.காம்., எம்.எட்., எம்.பில். (எம்.பில்.லை யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.)

"ஆளுக்கு ஒரு முட்டி," என்றார் மாமா. "வலது முட்டி சின்ன மாப்ள. இடது முட்டி பெரிய மாப்ள."

கலைச்செல்வி மட்டும்தான் குறுக்கே பேசினாள். கூட்டுறவுச் சங்கத்தில் காசாளர் வேலை அவளுக்கு. "அப்பா, அடுத்த வருசம் ஆசுபத்திரில கட்டவேண்டிய காசை யாராச்சும் வெளயாட விடுவாகளா? போஸ்ட் ஆபீசுல போடுங்க. ஒரு வருசம் கழிச்சு அப்பிடியே எடுத்துக்கலாம்."

அன்றைக்கு அந்த வீட்டில் பேசப்பட்ட ஒரே அறிவுள்ள வாக்கியம் அதுதான். அதனால் யாரும் அதைக் காதில் வாங்கவில்லை.

சகலை மெதுவாகச் சொன்னார். "எனக்கு எந்தக் கம்பெனி நல்லது, எது கெட்டதுன்னு தெரியாதுங்க மாமா. மொத்தச் சந்தையையும் சேத்து வாங்குற மாதிரி ஒரு ஃபண்டு இருக்குதாமுங்க. பெரிய கம்பெனி அத்தனைலயும் கொஞ்சங் கொஞ்சம். மண்டியிலயும் நான் அப்படித்தானுங்க, ஒரே காயை மட்டும் லோடு எடுக்கமாட்டேன். தக்காளி விழுந்தா முருங்கை காப்பாத்துமுங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுந்து நின்றேன். (உட்கார்ந்துகொண்டு பேசினால் எனக்குப் பாடம் வராது.)

"மாமா, எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம்னா, நல்லதோட சேத்துக் குப்பையையும் வாங்குறோம்னு அர்த்தம். நுகர்வோர் துறைன்னு ஒண்ணு இருக்கு. கன்ஸ்யூமர் கம்பெனிங்க. சோப்பு, பேஸ்ட், பிஸ்கட்டு, டீத்தூள். சந்தை விழுந்தா சனங்க கார் வாங்கமாட்டாங்க, வீடு வாங்கமாட்டாங்க. ஆனா பல்லு வெளக்காம இருப்பாங்களா? குளிக்காம இருப்பாங்களா?"

மாமா உண்மையாகவே யோசித்தார். "எங்க பங்காளி ஒருத்தன் இருக்கான் மாப்ளே. அவன் குளிக்கமாட்டான்."

"அவரை விடுங்க மாமா. நாட்டுல மத்தவங்கள்லாம் குளிப்பாங்க. அதனால ரிஸ்க் கம்மி. வருமானம் மட்டும் சந்தையை விட ஜாஸ்தியா வரும்."

ரிஸ்க் குறைந்தால் பெரும்பாலும் வருமானமும் குறையும் என்பதை அதே வாரத்தில் கரும்பலகையில் எழுதிப்போட்டு, இரண்டு முறை அடிக்கோடும் இட்டிருந்தவன் நான். கரும்பலகையில் எழுதுவது வேறு, மாமனார் வீட்டில் பேசுவது வேறு.

அத்தை சுவரைப் பிடித்து எழுந்து வந்தார். "படிச்ச மாப்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்று இடது முட்டியைத் தட்டிக் காட்டினார். சகலை வெற்றிலையை எடுத்துக்கொண்டார்.

திண்டுக்கல் திரும்பியதும் ஆராய்ச்சியில் இறங்கினேன். நுகர்வோர் பங்கு வாங்குகிறவர் தன் தெருவில் சனங்கள் எதை வாங்குகிறார்கள் என்று பார்க்கவேண்டும் என எங்கோ கேள்விப்பட்டிருந்தேன். எங்கள் தெரு நாகல் நகரில் இருக்கிறது. தெருமுனையில் அண்ணாச்சி மளிகைக்கடை. ஒரு சனிக்கிழமை காலை, நோட்டும் பேனாவுமாக எதிர்வரிசையில் பூட்டிக் கிடந்த ஜெராக்ஸ் கடைப் படியில் உட்கார்ந்தேன். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி வேறு. (வெயிலுக்குத்தான். ஆனால் பார்த்தவர்கள் அப்படி நினைக்கவில்லை என்பது பிறகு தெரிந்தது.)

ஒவ்வொருவர் கடையை விட்டு இறங்கும்போதும் கையில் இருப்பதைக் குறித்தேன். பச்சை சோப்பு, ஏழு. சிவப்பு சோப்பு, நான்கு. பாக்கெட் ஷாம்பு, எண்ண முடியவில்லை. பிஸ்கட், ஒருவர் ஆறு பாக்கெட் வாங்கினார். ஏன் ஆறு என்று கேட்க எழுந்தேன், அவர் சைக்கிளில் வேகமாகப் போய்விட்டார்.

அரைமணி நேரத்தில் கடையில் ஏதோ மாற்றம் தெரிந்தது. அண்ணாச்சி அடிக்கடி என்னை எட்டிப் பார்த்தார். திடீரென்று, துவரம்பருப்பு வாங்கிய பெண்மணிக்குப் பருப்பைப் பேப்பரில் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தார். அடுத்தவருக்குச் சர்க்கரையும் பேப்பரில். "பை இல்லையா அண்ணாச்சி?" என்று கேட்டவரிடம், "நம்ம கடையில என்னைக்குப்பா பிளாஸ்டிக் பை குடுத்தேன்?" என்று தெருவே கேட்கும்படி சொன்னார். பின்பக்கம் எதையோ தூக்கிப் போடும் சத்தம் கேட்டது.

பிறகு அவரே ஒரு பன்னீர் சோடாவோடு தெருவைக் கடந்து வந்தார். "சார், வெயில்ல உக்காந்திருக்கீங்க. செத்த நேரம் உள்ள வந்து உக்காருங்க. எதுவா இருந்தாலும் பேசிக்கலாம்."

ஆராய்ச்சிக்கு இப்படி ஒரு ஒத்துழைப்பா என்று மகிழ்ந்து உள்ளே போனேன். ஸ்டூல் போட்டார். சோடாவைக் குடித்துக்கொண்டே, "எந்த சோப்பு நல்லாப் போகுது? எதுல உங்களுக்கு லாபம் ஜாஸ்தி?" என்று கேட்டேன். அண்ணாச்சிக்கு வியர்த்துவிட்டது. அந்த நேரம் பார்த்து என் மாணவி ஒருத்தியின் அம்மா கடைக்கு வந்தார்.

"சார், நீங்களா! எங்க பாப்பாவுக்கு காமர்ஸ் எடுக்குற சாரு அண்ணாச்சி இவரு." பிறகு என் கையிலிருந்த நோட்டைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "என்ன சார், சம்பளம் பத்தலையா? சோப்புக் கம்பெனில பார்ட் டைமா?"

அண்ணாச்சி என்னிடமிருந்து சோடா பாட்டிலைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அதில் பாதி மிச்சம் இருந்தது.

"வாத்தியாரா நீங்க? பிளாஸ்டிக் செக்கிங் ஆபீசர்னு நெனச்சு ஒரு கட்டுப் பையைத் தூக்கிப் பின்னாடி சாக்கடைல போட்டேன்யா!"

அந்தச் சோடாவுக்கு நான் காசு கொடுத்தேன். அந்தப் பைக்கட்டுக்கும் அரை விலை கொடுத்தேன். சாக்கடையிலிருந்து அதை எடுத்துத் தரும்படியும் அவர் கேட்டார். பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டேன். (அன்று சனிக்கிழமை, விடுமுறை.)

இவ்வளவு அவமானப்பட்டுச் சேகரித்த தகவலை வைத்து நான் பச்சை சோப்புக் கம்பெனிப் பங்கை வாங்கியிருந்தால், இந்தக் கட்டுரையே இருந்திருக்காது. போனில் கணக்குத் திறந்து அந்தக் கம்பெனியின் விலைக்கோட்டைப் பார்த்தேன். அது பைபாஸ் ரோடு மாதிரி நேராகக் கிடந்தது. பெரிய இறக்கம் இல்லை, பெரிய ஏற்றமும் இல்லை. சிவப்பு சோப்பும் அப்படியே. இதையா நான் மாமனாரிடம் எழுந்து நின்று பேசினேன் என்று எனக்கே சப்பென்று ஆகிவிட்டது.

கீழே இன்னும் தள்ளினேன். இன்னொரு கம்பெனி. பெயரிலேயே 'கன்ஸ்யூமர்' என்று இருந்தது. அதன் கோடு மலைக்கோட்டைப் படி மாதிரி ஏறிக்கொண்டே போயிற்று. பெயரில் கன்ஸ்யூமர் இருக்கிறது, கோடு மேலே போகிறது. வேறென்ன வேண்டும்? என்ன தயாரிக்கிறார்கள் என்று பார்க்கத் தோன்றவில்லை. சோப்பாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்தேன். இடது முட்டி மொத்தத்தையும் அந்த ஒரே கம்பெனியில் போட்டேன்.

மாசி, பங்குனி இரண்டு மாதங்கள் நான் தரையில் நடக்கவில்லை. வெயில் ஏற ஏற அந்தப் பங்கும் ஏறியது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று எனக்கு ஏன் உறைக்கவில்லை என்பது இன்றும் புரியவில்லை. சாயங்காலம் பள்ளி விட்டதும் சகலைக்குப் போன் போடுவேன்.

"என்ன சகலை, வலது முட்டி எப்படி?"

"பார்க்கலீங்க. லோடு வந்துருச்சு, வேலையா இருக்கேன்."

"பார்க்கலையா? என்ன சகலை நீங்க! இடது முட்டி இன்னைக்கு மட்டும் எம்புட்டு ஏறியிருக்கு தெரியுமா?"

அத்தையும் சந்தோஷமாக இருந்தார். யாராவது நலம் விசாரித்தால், "வலதுதான் வலிக்குது. இடது தேவலை" என்பாராம். பங்கு விலைக்கும் வலிக்கும் தொடர்பில்லை என்று நான் சொல்லவில்லை. சொல்ல மனம் வரவில்லை.

சித்திரை பிறந்த வாரம் மாமா போன் செய்தார்.

"மாப்ளே, நம்ம கம்பெனி சோப்பு எது? நம்ம காசைப் போட்டுட்டு அடுத்தவன் சோப்பைப் போட்டுக் குளிச்சா அது முறையில்லைல? சாணார்பட்டில நாலு கடையில கேட்டேன். அப்பிடி ஒரு சோப்பே இல்லைங்குறாங்ய. நீங்க சொன்ன பேரை ஒரு சீட்டுல எழுதிச் சட்டைப் பையிலதான் வச்சிருக்கேன்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. இப்படி ஒரு மாமனார் யாருக்குக் கிடைப்பார்? "நானே வாங்கிட்டு வாரேன் மாமா" என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி கடைக்குப் போனேன். மூன்று மாதங்களாக அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. கம்பெனி பெயரைச் சொல்லி, "இவங்க சோப்பு இருக்கா?" என்று கேட்டேன்.

அண்ணாச்சி எழுந்து, தன் தலைக்குப் பின்னால் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்த ஏர்கூலரைத் திருப்பி, அதன் முதுகில் ஒட்டியிருந்த பெயரைக் காட்டினார்.

"சார், நீங்க கேக்குற கம்பெனி இதுதான். இவன் ஏர்கூலரும் ஏசியும் ஃபிரிட்ஜும் பண்றான். இதைப் போட்டுக் குளிக்க முடியாது."

(அவருடைய முகத்தில் தெரிந்த நிம்மதியை என்னால் மறக்க முடியாது. அவர் மனதைப் பொறுத்தவரை அந்தப் பைக்கட்டு அன்றுதான் சாக்கடையிலிருந்து மேலே வந்திருக்கவேண்டும்.)

வீட்டுக்கு வந்து முதல்முறையாகக் கம்பெனியைப் பற்றிப் படித்தேன். நுகர்வோர் துறை என்பதில் இரண்டு சாதி உண்டு. காசு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாங்குகிற சோப்பு, பேஸ்ட் ஒன்று. கையில் காசும் தலைக்கு மேல் வெயிலும் இருந்தால் மட்டும் வாங்குகிற ஏர்கூலர் வகை இன்னொன்று. முதலாவது மொத்தச் சந்தையை விடக் குறைவாக ஆடும். இரண்டாவது சந்தை ஒரு படி இறங்கினால் தான் இரண்டு படி இறங்கும். எம்.பில்.லுக்கு நான் செய்த ஆய்வு, இத்தனைக்கும், நுகர்வோர் நடத்தை பற்றியது.

பரவாயில்லை, கோடைக்காலம்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். சித்திரை வெயிலில் கூலர் விற்காமல் எது விற்கும்? மறுநாள் மழை பெய்தது.

சும்மா தூறல் இல்லை. சித்திரையில் அப்படி ஒரு மழையை நான் பார்த்ததில்லை. சிறுமலைப் பக்கமிருந்து கறுத்து வந்து, நாகல் நகர் ஓடைகளை நிரப்பிவிட்டுப் போனது. அடுத்த நாளும் பெய்தது. அந்த வாரம் முழுவதும் பெய்தது. இங்கே மட்டுமல்ல, செய்தியைப் போட்டால் நாட்டில் பாதி இடங்களில் நனைந்த மைக்கோடு நிருபர்கள் நின்றார்கள். சனங்கள் தெருவில் நின்று வானத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். திண்டுக்கல் மாவட்டத்தில் அந்த மழைக்காக வயிறு எரிந்த ஒரே ஆள் நான்தான்.

மாமாவின் போன் வரும். "மாப்ளே! என்னா மழைங்குறீங்க! கெணத்துல தண்ணி ஏறிருச்சு. கத்தரி நட்டுட்டேன். நம்ம ராசி மாப்ளே, ரோட்டுக்காசு வந்த வருசம் மழையும் வருது!"

"சந்தோசம் மாமா," என்பேன், போனின் மறுமுனையில் இருப்பவருக்குத் தெரியாமல் பங்கு விலையைப் பார்த்துக்கொண்டே. அவர் கிணற்றில் தண்ணீர் ஏற ஏற, அவருடைய மனைவியின் முட்டி இறங்கிக்கொண்டிருந்தது.

போதாததற்கு அதே நாட்களில் மொத்தச் சந்தையும் சறுக்கியது. சகலையின் வலது முட்டிக்கு லேசான சிராய்ப்பு. என் இடது முட்டி மாடிப்படியில் உருண்டது. பச்சை சோப்புக் கம்பெனியைப் பார்த்தேன். அது நொண்டக்கூட இல்லை. சனங்கள் மழையிலும் குளித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

விற்றுவிட்டு உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் என்றால், கம்பெனியின் விற்பனையைத் தனியாளாக உயர்த்தக் கிளம்பினேன்.

முதலில் எங்கள் வீட்டுக்கே ஒரு கூலர் வாங்கினேன். "ஜன்னலைத் தெறந்தா ஜில்லுனு காத்து வருது. போர்வை போத்திக்கிட்டுத் தூங்குறோம். இது எதுக்குங்க?" என்றாள் கலைச்செல்வி. அடுத்த வருடத்துக்கு என்றேன். பிறகு ஆசிரியர் அறையில், மழையில் குடை காய்ந்துகொண்டிருந்த நேரத்தில், இந்தக் கோடையைச் சமாளிக்க ஒரு கூலர் அவசியம் என்று பேசினேன். தலைமையாசிரியர் என் நெற்றியில் கைவைத்துப் பார்த்து, அரைநாள் விடுப்பு எடுத்துக்கொள்ளச் சொன்னார். சக ஆசிரியர் ஒருவரின் கல்யாணத்துக்கு எல்லோரும் சேர்ந்து குக்கர் தருவதாக இருந்தது. நான் வாதாடிக் கூலராக மாற்றினேன். மண்டபத்தில் அதை மேடையேற்ற நான்கு பேர் தேவைப்பட்டார்கள்.

மூன்று கூலர்களால் ஒரு கம்பெனியின் பங்கு விலை ஏறாது என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் போட்டிருக்கவில்லை. போட்டிருக்க வேண்டும்.

மூன்றாவது எங்கே என்கிறீர்களா? அதுதான் என்னைக் கவிழ்த்தது.

வைகாசியில் சாணார்பட்டிப் பக்கம் மாமாவின் ஊர்த் திருவிழா. சகலை குடும்பமும் வந்திருந்தது. மாமனாருக்கு ஒரு நல்ல பரிசு கொடுத்து, மனம் குளிர்ந்திருக்கும் நேரத்தில் விஷயத்தை மெதுவாகச் சொல்லலாம் என்பது என் திட்டம். லோடு ஆட்டோவில் ஒரு பெரிய கூலர் அட்டைப்பெட்டியை ஏற்றிக்கொண்டு போனேன். போகும் வழியெல்லாம் தூறல். பெட்டி நனையாமல் இருக்க என் சட்டையைக் கழற்றிப் போர்த்தியிருந்தேன். பனியனோடு ஊருக்குள் இறங்கிய என்னைப் பார்த்து மேளக்காரர்கள் ஒரு கணம் வாசிப்பை நிறுத்தினார்கள்.

மாமாவுக்கு ஒரே பூரிப்பு. பங்காளிகளைக் கூப்பிட்டுக் காட்டினார். அவரே அரிவாளால் பெட்டியைக் கிழித்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முன்பக்கம் இருந்த பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தார். நின்றார். சட்டைப் பைக்குள் கையை விட்டு ஒரு சீட்டை எடுத்தார். சீட்டைப் பார்த்தார், கூலரைப் பார்த்தார், மறுபடியும் சீட்டைப் பார்த்தார்.

அந்தச் சீட்டை நான் மறந்தே போயிருந்தேன்.

"மாப்ளே," என்றார், மிகவும் சந்தேகமாக. "இது நம்ம சோப்புக் கம்பெனி பேருல்ல?"

 பனியனைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டேன். "ஆமா மாமா. அது வந்து... சோப்பு இல்ல."

"சோப்பு இல்லையா?"

"கன்ஸ்யூமர்தான் மாமா. ஆனா இது கூலர் கன்ஸ்யூமர்."

அத்தை வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். "அப்ப என் முட்டி இம்புட்டு நாளா இந்தப் பொட்டிக்குள்ளயா இருந்துச்சு?"

குளிக்காத பங்காளிதான் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும். மலர் சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் பனியனோடு மழையில் நின்றுகொண்டு, எவ்வளவு போயிற்று என்பதை மென்று விழுங்கிச் சொன்னேன். சிரிப்பு சட்டென்று நின்றது. அதற்கு அவர்கள் சிரித்துக்கொண்டே இருந்திருக்கலாம். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போயிருந்தது. மாமா கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

சகலை என்னைக் குத்திக் காட்டுவார் என்று எதிர்பார்த்தேன். இரண்டு மாதங்கள் தினமும் போன் போட்டு அவரை வெறுப்பேற்றியவன் நான். அவர் உள்ளே போய்த் தன் துண்டை எடுத்துவந்து என் தோளில் போட்டார்.

"மண்டியிலயும் நடக்குமுங்க. மேல நாலு கூடை தக்காளியப் பாத்து லோடை எடுத்தா, அடியில அத்தனையும் பூசணியா இருக்கும். இறக்கிப் பாக்காம எடுத்த தப்பு நம்மளதுங்க. என்னுதும் இந்த மாசம் கொறஞ்சுதானுங்க இருக்குது." பிறகு சற்றுத் தயங்கி, "நீங்க போன் போட்டப்ப நான் பாக்கலீன்னு சொன்னது பொய்யுங்க. தெனமும் பாத்துட்டுத்தான் இருந்தேன். சோறு எறங்கலீங்க" என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் திருவிழாக் கூட்டத்தில் அழுதேன். மழையானதால் பாதிப்பேருக்குத் தெரியவில்லை.

விற்கலாமா, வைத்திருக்கலாமா என்று பேச்சு வந்தது. அடுத்த கோடையில் எப்படியும் ஏறும் என்று நான் ஆரம்பித்தேன். கலைச்செல்வி ஒரே வரியில் முடித்தாள்: "அடுத்த கோடை வரைக்கும் எங்கம்மா தவழ்ந்துக்கிட்டா இருப்பாக?" இரண்டு மாப்பிள்ளைகளும் அங்கேயே போனை எடுத்து விற்கச் சொல்லிப் போட்டோம். காசு வந்ததும் அவள் வாங்கித் தன் தங்கையோடு போய், அம்மா பெயரில் போஸ்ட் ஆபீசில் போட்டாள். சகலையின் ஃபண்டில் முதல் ஏறக்குறைய அப்படியே திரும்பியது. இடது முட்டியில் விழுந்த ஓட்டையை அடைக்க, அடுத்த பொங்கல் வரைக்கும் நான் சனி, ஞாயிறுகளில் டியூஷன் எடுத்தேன். வேண்டாம் என்றார் மாமா. எடுத்தேன்.

இரண்டு முட்டிகளும் மாற்றியாயிற்று. அத்தை இப்போது என்னை விட வேகமாக நடக்கிறார். அந்தக் கூலரை மாமா மல்லிகை கட்டுகிற கொட்டகையில் வைத்திருக்கிறார். பூ வாடாமல் இருக்கிறதாம். நான் விற்றதற்கு அடுத்த கோடை தகித்தது. அந்தப் பங்கு எங்கேயோ போய்விட்டது. எவ்வளவு என்று நான் பார்க்கவில்லை. (பார்த்தேன். சொல்லமாட்டேன்.) குடும்பத்தின் நீண்டகாலச் சேமிப்பை இப்போது அக்காவும் தங்கையும் பார்த்துக்கொள்கிறார்கள். பெரும்பகுதி மொத்தச் சந்தை ஃபண்டில், கொஞ்சம் பச்சை சோப்பில். எனக்கு அதன் பாஸ்வேர்டு தரப்படவில்லை.

எனக்குத் தரப்படுவது வேறு. ஊரில் எப்போது மழை பெய்தாலும் எனக்குத் துக்கம் விசாரித்துப் போன் வரும். மாமா ஆரம்பித்து வைத்த பழக்கம். இத்தனை வருடங்களாகியும் ஒரு மழையைக்கூட அவர்கள் விட்டதில்லை.

போன வாரம் மத்தியானம் வானம் இருட்டியதும் கலைச்செல்வி என் போனைச் சார்ஜிலிருந்து எடுத்துக் கையில் கொடுத்தாள். முதல் சொட்டு விழுவதற்குள் மணி அடித்தது. அத்தை. தோட்டத்திலிருந்து பேசினார். பின்னணியில் மழைச் சத்தம், மூச்சு வாங்கும் சத்தம், ஈர மண்ணில் வேகமாக நடக்கும் சத்தம்.

"மாப்ள, இங்க நல்ல மழை. மனசைத் தேத்திக்கங்க. இந்தா, உங்க மாமா பேசணுமாம்."

மாமா பேசினார். வைத்ததும் ஒட்டன்சத்திரத்திலிருந்து சகலை. "இங்கயும் தூற ஆரம்பிச்சிருச்சுங்க. தைரியமா இருங்க."

மூன்று பேருக்கும் முறைப்படி நன்றி சொல்லிவிட்டு, கொடியில் கிடந்த துணியை எடுக்க மாடிக்கு ஓடினேன்.